கரிசல் காட்டில் காபி வாசம்!

‘கரிசலில் நாலு ஏக்கர் இருக்கிறது. மழையை நம்பித்தான் வெள்ளாமை. காபித்தூள் விற்கிற விலையைப் பார்த்தால், காபிச் செடியே வைத்துவிடலாம் போலிருக்கிறது. எங்கள் மண்ணில் வருமா?’

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இப்படிக் கேட்கும் விவசாயிகள் உண்டு. கேள்வியில் தப்பில்லை, பதில்தான் கொஞ்சம் கசக்கும். அரபிகா காபிக்குக் கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,500 மீட்டர் வரை உயரம் வேண்டும். 15 முதல் 25 டிகிரி வெப்பமும், ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்குக் குறையாத மழையும், நிழல் மரங்களும் வேண்டும். முரட்டு ரகமான ரோபஸ்டாவுக்கே 500 மீட்டர் உயரமும் 1,000 மில்லிமீட்டர் மழையும் தேவை. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு முழுக்கப் பெய்வது சராசரியாக 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும். ஆகவே, செடி வராது.

ஆனால், அருப்புக்கோட்டைக் கடைவீதியில் காலை நேரத்தில் நடந்து பார்த்தவர்களுக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருக்கும். நூல் கடை, வெங்காய மண்டி, பாத்திரக் கடை எல்லாவற்றையும் தாண்டி ஒரு திருப்பத்தில் மூக்கு தானாகத் திரும்பும். காபிச் செடி வராத ஊரில், காபி வறுக்கும் வாசனை!

ஐந்து மணிக்கு எரியும் அடுப்பு

பத்தடி அகலம், முப்பதடி நீளம், அவ்வளவுதான் கடை. முன்பக்கம் தராசு, கண்ணாடி போட்ட தகர டப்பாக்கள், அரவை இயந்திரம். பின்பக்கம் ஐந்து கிலோ பிடிக்கும் வறுவல் டிரம். அதற்கும் பின்னால் சின்ன முற்றம். முற்றத்து மூலையில், கையால் சுற்றும் பழைய இரும்பு உருளை ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் கடை இது. பெயர் போட்டு எழுத வேண்டாம் என்பது அவர்கள் விருப்பம். ஊருக்குள் அவர் ‘காபிக்கடை அண்ணாச்சி’. அது போதும்.

அண்ணாச்சிக்கு வயது 58. காலை ஐந்து மணிக்கு டிரம்மைச் சூடேற்றுகிறார். வெயில் ஏறிவிட்டால், கரிசல் பூமியின் கோடையில் அடுப்புப் பக்கம் நிற்க முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு ஈடு, மொத்தம் பத்து கிலோ. அதற்கு மேல் வறுப்பதில்லை. “நாளைக்கு விக்கிறத நாளைக்கு வறுத்தாப் போதும்” என்பது அவருடைய அப்பா காலத்துச் சட்டம்.

பச்சைக் கொட்டை டிரம்முக்குள் விழும்போது வாசனையே இருக்காது. முதல் சில நிமிடங்களில் வைக்கோல் சூடேறுவதுபோல ஒரு வாடை வரும். கொட்டை மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும்போது அது ரொட்டி சுடும் வாசனையாக மாறும். வெப்பம் 200 டிகிரியை நெருங்கும்போது, சோளம் பொரிவதுபோலப் படபடவென்று வெடிக்கும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, கொட்டையைப் பிளந்து வெளியேறும் சத்தம் அது. இந்தச் சத்தத்துக்குப் பிறகு அண்ணாச்சி யாரிடமும் பேசுவதில்லை. ஒரு நிமிடம் முந்தினால் புளிப்பு நிற்கும். ஒரு நிமிடம் பிந்தினால் கரிந்த கசப்பு ஏறும். நீளக் கரண்டியால் நாலு கொட்டையை எடுத்துப் பார்க்கிறார். நிறம் சரியென்றால் தட்டில் கொட்டி, காற்றாடியைப் போட்டு உடனே ஆற்றிவிட வேண்டும். இறக்கிய பிறகும் கொட்டை தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும் என்பதால், ஆற்றுவதும் வறுவலில் பாதி.

முதல் ஈடு ஆறியதும் அண்ணாச்சியின் மனைவி அதில் ஒரு கைப்பிடி அரைத்து ஃபில்டரில் போடுகிறார். கடை திறப்பதற்கு முன் வீட்டில் ஐந்து பேரும் குடிக்க வேண்டும். நன்றாக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நன்றாக இல்லையென்றால் அண்ணாச்சியின் அம்மா டம்ளரைத் தள்ளி வைப்பார். எண்பதைத் தாண்டிய அந்த அம்மாவின் நாக்குதான் கடையின் பரிசோதனைக்கூடம். அன்றைய வறுவல் சந்தேகம் என்றால், அது தனி டப்பாவுக்குப் போய், விலை குறைத்து, சொல்லியே விற்கப்படும்.

கொட்டை வந்த வழி

இந்தியாவில் விளையும் காபியில் சுமார் 70 சதவிகிதம் கர்நாடகத்தில் விளைகிறது. தமிழ்நாட்டின் பங்கு சுமார் 5 சதவிகிதம். நீலகிரி, சேர்வராயன், ஆனைமலை, பழநி மலைத் தொடர்களில் அது விளைகிறது. அருப்புக்கோட்டைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது கீழ்ப்பழநி மலை. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மலை அடிவாரத்தில் இருக்கும் பட்டிவீரன்பட்டி, காபிக் கொட்டையைத் தோல் நீக்கி, தரம் பிரிக்கும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். சென்னை பாண்டி பஜாருக்குப் பெயர் தந்த டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன் (1893 - 1953) பிறந்த ஊரும் அதுதான்.

மலைக்கும் கரிசலுக்கும் இடையிலான இந்தத் தொடர்பு புதியதல்ல. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களும் பழைய ராமநாதபுரச் சீமையின் வணிக ஊர்கள். மாட்டு வண்டிகள் தங்கிச் செல்ல இந்த ஊர்களில் பேட்டைகள் இருந்தன. பருத்தி, மிளகாய், பயறு வகைகள் இங்கிருந்து போயின. இங்கே விளையாத சரக்குகள் வந்தன. மழை குறைந்த சீமையில் பிழைக்க வழி, சரக்கை வாங்கி, சரக்கை மாற்றி, சரக்கை விற்பதுதான் என்று அன்றைக்கே புரிந்துகொண்டவர்கள் இந்தப் பகுதி வணிகர்கள். காபிக் கொட்டையும் அந்த வழியில் சேர்ந்துகொண்டது.

ஆனால், நீண்ட காலம் கொட்டை வாங்குவது சுலபமாக இல்லை. 1942-ம் ஆண்டு காபிச் சட்டத்தின்படி, தோட்டக்காரர்கள் தங்கள் கொட்டையைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில்தான் ஒப்படைக்க வேண்டியிருந்தது. வாரியம்தான் ஏலம் விட்டு விற்றது. சின்னக் கடைக்காரர்கள் இடைத் தரகர்களிடம் கிடைத்ததை வாங்கி ஓட்டினார்கள். 1990-களின் தொடக்கத்தில் இந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல் முழுவதும் விலகியது. அதன் பிறகுதான் கொட்டையைக் கையில் அள்ளி, கடித்து, முகர்ந்து பார்த்து வாங்க முடிந்தது என்கிறார் அண்ணாச்சி.

பச்சைக் கொட்டையில் அவர் பார்ப்பது மூன்று விஷயங்கள். முதலாவது ஈரப்பதம். 10 முதல் 12 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். பல்லால் கடித்தால் நொறுங்காமலும், பதியாமலும் இருந்தால் சரி. இரண்டாவது, ஒரே அளவு. சிறியதும் பெரியதும் கலந்திருந்தால் சிறியது கரிந்து, பெரியது வேகாமல் நிற்கும். மூன்றாவது வாசனை. பூஞ்சண வாடை துளி இருந்தாலும் மூட்டையைத் திருப்பிவிடுகிறார். மழை மாதங்களில் மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குகிறார். உளுந்து மூட்டைக்கு நாம் செய்யும் பக்குவம்தான்.

பத்து கிலோ போட்டால் எட்டு கிலோ

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒரு கணக்கு வறுவலில் இருக்கிறது. வறுபடும்போது கொட்டை 15 முதல் 20 சதவிகிதம் எடை இழக்கும். கணக்குக்காக, பச்சைக் கொட்டை கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து கிலோவின் விலை 5,000 ரூபாய். வறுத்து முடித்தால் கைக்கு வருவது 8 கிலோ 200 கிராம். அப்படியானால் வறுத்த கொட்டையின் அடக்கவிலை கிலோ சுமார் 610 ரூபாய். கேஸ், மின்சாரம், வாடகை, உறை, கூலி எதுவும் இதில் சேரவில்லை.

இனி சிக்கரி. இது ஒரு செடியின் கிழங்கு. குஜராத்தின் ஜாம்நகர் பகுதியில் அதிகம் பயிராகிறது. காய வைத்து, வறுத்து அரைத்தால் கறுப்பும் கெட்டியும் இனிப்புக் கலந்த கசப்பும் கொடுக்கும். காஃபின் கிடையாது. விலை, காபியைவிட மிகவும் குறைவு. வறுத்த சிக்கரி கிலோ 200 ரூபாய் என்று வைத்தால், 80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி சேர்ந்த தூளின் அடக்கம் கிலோ 528 ரூபாய். அதையே 60-க்கு 40 ஆக்கினால் 446 ரூபாய். கிலோவுக்கு 82 ரூபாய் வித்தியாசம். ஒரு நாளைக்குப் பத்து கிலோ விற்கும் கடையில், மாதத்துக்குச் சுமார் 24,000 ரூபாய்!

சட்டப்படி, கலவைத் தூளில் காபி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்பதை உறை மேல் அச்சிட வேண்டும். எனவே 60-க்கு 40 விற்பது குற்றமல்ல. 80-க்கு 20 என்று எழுதிவிட்டு 60-க்கு 40 போடுவதுதான் குற்றம். காபித்தூள் தொழிலில் நாணயம் என்பது இந்த இரண்டு எண்களுக்கு நடுவே நிற்கிறது.

விலை ஏறிய வருடம்

2024-ம் ஆண்டு கடைசியில் அந்த நாணயத்துக்குச் சோதனை வந்தது. பிரேசிலில் வறட்சி, வியட்நாமிலும் வறட்சி. உலகத்தில் அதிகம் காபி விளைவிக்கும் இரண்டு நாடுகளும் ஒரே நேரத்தில் காய்ந்தன. பன்னாட்டுச் சந்தையில் அரபிகாவின் விலை, 1977-ல் தொட்ட பழைய உச்சத்தை 2024 டிசம்பரில் தாண்டியது. 2025 பிப்ரவரியில் இன்னும் மேலே போனது. இங்கேயும் கொட்டையின் விலை ஏறத்தாழ இரட்டிப்பானது. எங்கோ பொய்த்த மழை, அருப்புக்கோட்டைத் தராசில் வந்து உட்கார்ந்தது.

முன்பு 25,000 ரூபாய்க்கு இரண்டு மூட்டை எடுத்தவருக்கு, அதே பணத்துக்கு ஒரு மூட்டை. டிரம்மை நிறுத்தாமல் ஓட்ட வேண்டுமென்றால் இரண்டு மடங்கு முதல் வேண்டும். கார்த்திகை மாதம் மருமகளின் சங்கிலி நகைக்கடனுக்குப் போனது.

அதே வாரத்தில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். சாப்பாட்டுக் கடை நடத்துபவர். தினமும் இரண்டு கிலோ எடுப்பவர்.

“அண்ணாச்சி, வெலய ஏத்தாதீங்க. சிக்கரியக் கூட்டிப் போட்ருங்க. பாலும் சீனியும் போட்ட பெறகு யாருக்குத் தெரியப்போகுது?”

“தெரியாதுதான் தம்பி. உறையில எழுதியிருக்கேன்ல?”

“உறைய யாரு படிக்கிறா?”

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. அடுத்த மூன்றாம் நாள், வறுத்த புளியங்கொட்டைத் தூள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் பையோடு வந்தார். நிறம் அச்சுஅசலாக வரும், கிலோவுக்கு இவ்வளவு கலக்கலாம் என்று கணக்கும் சொன்னார். அண்ணாச்சியின் மனைவிதான் அவரை அனுப்பி வைத்தார். “புளியங்கொட்ட நம்ம ஊருச் சரக்குதான். அதப் புளியங்கொட்டைனு சொல்லி வித்தா யாரு வேண்டாம்னா?” என்று அவர் கேட்டது, கடைக்குள் இப்போதும் அடிக்கடி திரும்பச் சொல்லப்படுகிறது.

வணிகவியல் படித்த மருமகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டார். முடிவு இதுதான். பழைய 80-க்கு 20 கலவை அப்படியே தொடரும், விலை ஏறும். கூடவே, 60-க்கு 40 என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட இரண்டாம் ரகம் ஒன்று, குறைந்த விலையில். வீட்டுக்கு வாங்குபவர்களுக்கு 25 கிராம், 50 கிராம் பொட்டலம். கடைக்கு முன்னால் கரும்பலகையில் இரண்டு ரகத்தின் பங்கும் விலையும் தினமும் எழுதப்படும்.

எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. சாப்பாட்டுக் கடைக்காரர் இரண்டாம் ரகத்துக்கு மாறினார். டீக்கடைக்காரர்கள் இரண்டு பேர் வேறு இடம் போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார், இன்னொருவர் வரவில்லை. விற்பனை எடையில் குறைந்தது, லாபமும் குறைந்தது. ஆனால், வீட்டுக்கு வாங்குபவர்களில் ஒருவரும் நிற்கவில்லை. கால் கிலோ வாங்கியவர்கள் நூறு கிராம் வாங்கினார்கள். நூறு கிராம் வாங்கியவர்கள் ஐம்பது. காபியைக் குறைத்துக்கொண்டார்களே தவிர, கடையை மாற்றவில்லை.

திருச்சுழி சாலை

செவ்வாயும் வெள்ளியும் அண்ணாச்சியின் மகன் மொபெட்டில் பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு திருச்சுழி பக்கம் போகிறார். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் விரிகிறது. மழைக்காலத்தில் உளுந்தும், மக்காச்சோளமும், பருத்தியும், கொத்தமல்லியும் நிற்கும் காடு. பங்குனிக்குப் பிறகு அதே காடு, கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சாலைக்கு இணையாக விருதுநகர் - மானாமதுரை ரயில் பாதை வந்து சேர்கிறது. இடையிடையே உழவு நின்றுபோன நிலங்களில் சீமைக்கருவேலம்.

அந்தக் கருவேலங்காட்டுக்குள் வெள்ளைப் புகை எழும்பினால், அது கரி மூட்டம். வெட்டிய கட்டைகளை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயைப் புகைய விடுகிறார்கள். நாலு பங்கு விறகுக்கு ஒரு பங்கு கரி கிடைத்தாலே நல்ல மூட்டம். திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்தில் மழை ஏமாற்றும் வருடங்களில் பல குடும்பங்களின் அடுப்பு எரிவது இந்தக் கரியால்தான். அண்ணாச்சியின் தாத்தா, முற்றத்தில் கிடக்கும் அந்தக் கை உருளையைச் சுற்றியதும் இந்தக் கரியின் தணலில்தான். இப்போது கேஸ் வந்துவிட்டது. கரித் தணலில் வறுத்த ருசி வராது என்று அம்மா மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திருச்சுழியில் குண்டாற்றங்கரையில் திருமேனிநாதர் கோயில் இருக்கிறது. சுந்தரர் பாடிய தலம். 1879 டிசம்பர் 30 அன்று ரமண மகரிஷி பிறந்த வீடு, கோயிலுக்குப் பக்கத்திலேயே ‘சுந்தர மந்திரம்’ என்ற பெயரில் இருக்கிறது. வெளியூரிலிருந்து இந்த இரண்டையும் பார்க்க வருபவர்கள் காபி கேட்பார்கள் என்பதால், இங்கே உள்ள டீக்கடைகளில் காபித்தூளுக்குத் தேவை உண்டு. குண்டாற்றில் வருடத்தில் பெரும்பாலான நாள்களில் மணல்தான் ஓடுகிறது.

கோயில் ஊரைத் தாண்டி இருக்கும் கிராமத்தில்தான் அண்ணாச்சி குடும்பத்தின் நாலு ஏக்கர் காடு. புரட்டாசியில் உளுந்தும் மக்காச்சோளமும் விதைக்கிறார்கள். மானாவாரிதான், கிணறு கிடையாது. மகன் தூள் கொடுக்கப் போகும் நாளில் காட்டையும் பார்த்துவிட்டு வருகிறார்.

இந்தப் பயணத்தில் அவர் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. கடையின் கணக்கு நோட்டு, காட்டின் கணக்கையே காட்டுகிறது. தை, மாசியில் உளுந்தும் மக்காச்சோளமும் விலையாகும்போது கிராமங்களில் கால் கிலோ பொட்டலம் போகும். பருத்திப் பணம் கையில் புரளும் வரைக்கும் அது ஓடும். ஆனி, ஆடியில் ஐம்பது கிராமாகச் சுருங்கும். மழை பிந்தினால் இருபத்தைந்து கிராம். “எந்த ஊர்ல வெள்ளாம எப்படினு பேப்பர் பாக்க வேண்டியதில்ல. பொட்டலத்த எண்ணுனாப் போதும்” என்கிறார் அவர்.

கடையில் கேட்கும் கேள்விகள்

கடையில் தினமும் வரும் கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும் இந்த இதழின் வாசகர்களுக்கும் பயன்படும்.

*சிக்கரி கலந்த காபி கெடுதலா?*

சிக்கரி என்பது கலப்படம் அல்ல. சொல்லிக் கலந்தால் அது கலவை. சொல்லாமல் கலந்தால்தான் கலப்படம். பிடித்தவர்கள் கலந்தும், பிடிக்காதவர்கள் கலக்காமலும் வாங்கலாம். கொடுக்கும் காசு எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

*தூளில் சிக்கரி இருக்கிறதா என்று வீட்டில் பார்க்க முடியுமா?*

கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, ஒரு ஸ்பூன் தூளை மேலே தூவுங்கள். காபித்தூள் மிதக்கும். சிக்கரி, பழுப்புக் கோடு இழுத்தபடி சீக்கிரமே கீழே இறங்கும். புளியங்கொட்டை, பேரீச்சங்கொட்டை போன்றவற்றை உறுதியாகக் கண்டுபிடிக்க ஆய்வகம்தான் வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

*தூள் எத்தனை நாள் தாங்கும்?*

பச்சைக் கொட்டை, ஈரம் படாமல் இருந்தால் பல மாதங்கள் தாங்கும். வறுத்த கொட்டையின் மணம் மூன்று, நான்கு வாரங்கள் நிற்கும். அரைத்த தூளில் பத்து, பதினைந்து நாளில் மணம் இறங்கிவிடும். ஆகவே, கொஞ்சமாக வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். ஈரக் கரண்டி போடக் கூடாது.

*கருப்பட்டி போட்டால் பால் திரிகிறதே?*

பாலோடு சேர்த்துக் கருப்பட்டியைக் கொதிக்கவிட்டால் திரிய வாய்ப்பு உண்டு. கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து, வடிகட்டி, டிகாஷனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சிய பாலின் சூடு கொஞ்சம் தணிந்த பிறகு ஊற்றுங்கள்.

*சாப்பிட்டவுடன் காபி குடிக்கலாமா?*

உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் காபி தடுக்கும். ரத்தசோகை உள்ள பெண்கள், சாப்பாட்டுக்கும் காபிக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுவது நல்லது.

*இதுபோல ஒரு கடை போட என்ன வேண்டும்?*

உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ கட்டாயம். சிறு உணவுத் தொழில்களுக்காக 2020-ல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில், தகுதியான செலவில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வங்கிக் கடனோடு இணைந்த மானியம் அறிவிக்கப்பட்டது. தற்போதைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்த பிறகு இறங்குங்கள். மானியத்தை நம்பி இயந்திரம் வாங்காதீர்கள். தினமும் எத்தனை கிலோ விற்கும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். அதற்கு முன், வறுக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் ஆறு மாதம் நின்று பழகுங்கள்.

காடும் கடையும்

2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த வருடம் அண்ணாச்சியின் நாலு ஏக்கரில் விதைத்த விதைகூடத் திரும்பவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர்களில் சிலர் நிலத்தைக் கருவேலத்துக்கு விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனார்கள். அண்ணாச்சி வீட்டில் யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. டிரம் தினமும் சுற்றியது. அடுத்த புரட்டாசிக்கு விதை வாங்கிய பணமும் டிரம்மிலிருந்து வந்ததுதான்.

2025-ல் அது தலைகீழானது. கொட்டை விலை ஏறி, கடை மூச்சு வாங்கியபோது, உளுந்து கைகொடுத்தது. மாசியில் உளுந்து விற்ற பணத்தில்தான் மருமகளின் சங்கிலி திரும்பி வந்தது. முழு மூட்டையாக உளுந்தை விற்காமல், ஒரு பங்கை உடைத்து, தோல் நீக்கி, பருப்பாகக் கடையில் கரும்பலகைக்குக் கீழேயே வைத்தார்கள். காபி வாங்க வந்தவர்கள் பருப்பும் வாங்கிப் போனார்கள். கொட்டையில் கற்றுக்கொண்டதை உளுந்தில் செய்து பார்த்தார்கள்: கொஞ்சமாக, அடிக்கடி, என்ன இருக்கிறது என்று எழுதி வைத்து விற்பது.

‘எங்கள் மண்ணில் காபி வருமா?’ என்று கேட்பவர்கள் இந்தக் கடையை ஒருமுறை பார்க்கலாம். விளைய வைப்பது மட்டுமே விவசாயிக்கு வருமானம் என்ற எண்ணம் மாறும். மலையில் கொட்டை பறித்தவருக்கும் கடையில் டம்ளர் ஏந்துபவருக்கும் நடுவே எத்தனையோ கைகள் இருக்கின்றன. கடைசிக் கைக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தினமும் காசு. நம் உளுந்துக்கும், குதிரைவாலிக்கும், மிளகாய்க்கும் அந்தக் கடைசிக் கைக்குப் பக்கத்து இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

மாலை ஆறு மணி. கடையில் கூட்டம் குறைந்துவிட்டது. இன்றைக்குத் தாமிரபரணிக் குடிநீர் வந்த நாள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் எந்தக் காபியும் எடுபடாது என்பதால், குழாய்த் தண்ணீர் வரும் நாளில்தான் அண்ணாச்சியின் அம்மா இரண்டாவது டம்ளர் கேட்பார். மருமகள் ஃபில்டரில் தூளைப் போட்டு, லேசாக அழுத்தி, கொதித்து அடங்கிய தண்ணீரை மெதுவாக ஊற்றி மூடுகிறார். கால் மணி நேரம் பொறுக்க வேண்டும்.

கொட்டை தாண்டிக்குடி மலையிலிருந்து வந்தது. தண்ணீர் தாமிரபரணியிலிருந்து வந்தது. பால் மட்டும் திருச்சுழி காட்டில் மேய்ந்த மாட்டினுடையது. அம்மா வாங்கி ஒரு வாய் குடிக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணாச்சி நாளைக்கு வறுக்க வேண்டிய பத்து கிலோவை அளந்து வைக்க எழுந்து போகிறார்.